கூந்தன்குளச் செலவு

‘செலவு’ என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. ஓரிடத்தினின்று பிறிதோரிடத்திற்குச் செல்லுதல் ஒன்று. கைப்பொருளைக் கழித்தல் மற்றொன்று. சான்றோர் செய்யுட்களில் முன்னைய பொருளே பெருவழக்கு. இக்காலத்துப் பேச்சுவழக்கிலோ பின்னையதே எஞ்சி நிற்கின்றது. விடுமுறை நாளொன்றில் நண்பரோடு கூடி எங்கேனும் சென்று வர எண்ணும் மாணவர்க்கு, முதற்செலவைக் குறித்து ஆராயப் புகுமுன்னரே இரண்டாஞ் செலவு குறுக்கே வந்து நின்றுவிடுகின்றது. மலைவாழிடங்களில் தங்குதற்கும், கட்டணம் பெற்று உள்ளே விடும் களியாட்டிடங்களிற் பொழுது போக்குதற்கும் வேண்டும் பொருள் நம்மிற் பலர்க்கு எளிதிற் கிட்டுவதன்று. ஆயினும், விலை கொடாது சென்று, உடலும் உள்ளமும் ஒருங்கே ஊக்கம் பெற்றுத் திரும்புதற்குரிய இடங்கள் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. உயிரினங்கள் தாமே வந்து தங்கி வாழும் பொதுநிலங்களே அவை. அத்தகையதோர் இடத்திற்குச் சென்று வருதற்குத் திட்டம் வகுக்கும் முறையினை, நெல்லைச் சீமையிலுள்ள கூந்தன்குளத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

விலையின்றிக் கிடைப்பதற்குத் திட்டமும் வேண்டுமோ என்று வினவுவார் உளர். வேண்டும் என்பதே எம் துணிபு. மதிலும் வாயிலும் காவலரும் உடைய இடத்தில் அவை நம் நடையைத் திருத்தும். அவை இல்லாத இடத்தில் நம்மை நாமே திருத்திக்கொள்ளல் வேண்டும். அன்றியும், நாம் விலை கொடாது காணும் காட்சிக்கு வேறு எவரோ விலை கொடுத்துக்கொண்டே இருக்கின்றனர். கூந்தன்குளத்தில் அவ்விலையைக் கொடுப்பவர் அவ்வூர் மக்கள். தங்கள் தெருவையும் மரத்தையும் மகிழ்ச்சி ஆரவாரத்தையும் பறவைகளின் பொருட்டு விட்டுக்கொடுத்து வாழும் அவர்களுக்கு, நாம் செலுத்தக்கூடிய கட்டணம் ஒன்றே ஒன்று. அது முன்னரே சிந்தித்துச் செல்லும் நல்லொழுக்கம்.

அகத்திணைக்கு முதல், கரு, உரி என்னும் மூன்றனை வகுத்தார் தொல்காப்பியர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து வாழும் புள்ளும் விலங்கும் மரமும் பிறவும் கருப்பொருள். அங்கு நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். வகுப்பறையில் நாம் கற்கும் இப்பாகுபாடு, வெளியே செல்லுந் திட்டத்திற்கும் பொருந்துவதாயிருத்தல் கருதி, அம்முறையே பற்றிச் செல்கின்றாம்.

நிலம்

கூந்தன்குளம் திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரி வட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். திருநெல்வேலிக்குத் தெற்கே மூலைக்கரைப்பட்டி வழியாகச் செல்லுஞ் சாலையில், ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கூந்தன்குளமும் அதனை அடுத்த காடன்குளமும் ஆகிய இரு நீர்நிலைகளும் அவற்றின் சூழலும் சேர்ந்து, 1994ஆம் ஆண்டில் பறவைகள் காப்பிடமாக அரசினரால் அறிவிக்கப்பெற்றன. இதன் பரப்பு ஏறக்குறைய 129 ஹெக்டேர். ஈரநிலங்களைப் பாதுகாத்தற்பொருட்டு 1971ஆம் ஆண்டில் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் செய்துகொள்ளப்பெற்ற பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ், 2021ஆம் ஆண்டில் இக்குளமும் இடம்பெற்றது.

இவை அரசினர் தந்த சிறப்புகள். இவற்றிற்கு முற்பட்டது ஊரார் தந்த புகலிடம். பறவைகள் குளத்தினுள் நிற்கும் கருவேல மரங்களில் மட்டுமன்றி, ஊருக்குள் வீடுகளை ஒட்டி நிற்கும் மரங்களிலும் கூடு கட்டுகின்றன. கூட்டின் கீழே வாழ்வோர்க்கு எச்சத்தின் நாற்றமும், இரவிலும் ஓயாத குஞ்சுகளின் ஒலியும் நாள்தோறும் உண்டு. அவற்றை அவர்கள் பொறுத்துக்கொள்வதோடு, பறவைகள் அஞ்சா வண்ணம் வெடி வெடித்தலையும் தவிர்த்து வருகின்றனர். கூட்டினின்று தவறி வீழ்ந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்து விடுதலும் அவ்வூர் வழக்கம். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் தீபாவளிக்கு வெடி வெடியாமை நெடுநாள் மரபு. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலிலோ, பறவைகளைச் சுடுதல் கூடாது என்று ஊரார் முறையிட்டு, 1798ஆம் ஆண்டிலேயே அக்காலத்துக் கலெக்டராகிய லயனல் பிளேசிடம் உரிமை பெற்றனர் என்பது வரலாறு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இயற்றப்பெற்றது 1972ஆம் ஆண்டில்; அதற்கு ஒரு நூற்றாண்டிற்கும் மேலாக முன்னரே நம் குளக்கரை மக்கள் தம் உள்ளத்தில் அச்சட்டத்தை எழுதி வைத்திருந்தனர் என்னலாம்.

ஊரார்க்கு இதனால் ஊதியமும் உண்டு. பறவைகளின் எச்சம் குளத்து நீரிற் கலக்கும்போது தழைச்சத்தும் மணிச்சத்தும் அந்நீரிற் பெருகுகின்றன. அந்நீர் மடை வழியே வயலுக்குப் பாயும்போது பயிர்க்கு எருவாகின்றது. கோடையில் வெட்டியெடுக்கும் வண்டலும் அவ்வாறே. பறவை உழவனுக்கு எருத் தருகின்றது. உழவன் பறவைக்கு அமைதி தருகின்றான். இவ்வுடன்பாட்டில் இரு திறத்தாரும் கையெழுத்திட்டதில்லை. ஆயினும் அது வழுவாது நடந்து வருகின்றது. இடையே புகும் நாம் அதனைக் குலைக்காதிருத்தல் வேண்டும்.

எனவே, நிலத்தைப் பற்றிய திட்டத்தின் முதற்படி, அவ்விடத்தின் இயல்பை முன்னரே அறிந்துகொள்ளல். எது ஊர்ப்பொதுவாகிய தெரு, எது தனியார் வீட்டு முற்றம், எது வனத்துறையினர் காக்கும் எல்லை என்பவற்றைப் பகுத்துணர்தல் வேண்டும். தெருவில் நின்று மரத்தின்மேல் உள்ள நாரையைக் காண்பதற்கு எவர் உத்தரவும் வேண்டா. முற்றத்துட் புகுதற்கு வீட்டார் இசைவும், காப்பிடத்தின் உட்பகுதிக்கும் காட்சிக் கோபுரத்திற்கும் வனத்துறையினர் இசைவும் வேண்டும். விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியன. ஆதலின் புறப்படுமுன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டறிதல் கடன். குழுவாகச் செல்வதாயின், நாளையும் தொகையையும் குறித்து ஆசிரியர் ஒருவரின் கையொப்பத்தோடு கடிதம் எழுதிவிடுதல் நலம்.

பொழுது

பொழுது, பெரும்பொழுது எனவும் சிறுபொழுது எனவும் இருவகைப்படும். பெரும்பொழுதை முதற்கண் நோக்குவோம்.

தென்பாண்டி நாட்டுக் குளங்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையால் நிரம்புவன. கூந்தன்குளத்திற்கு மணிமுத்தாற்று நீரும் கால்வாய் வழியே வருகின்றது. குளம் நிரம்பிய பின்னரே பறவைகள் வந்து சேரும். மார்கழி, தைத் திங்களில் கூடு கட்டத் தொடங்கி, பங்குனி, சித்திரை வரையில் குஞ்சுகளைப் பேணி, கோடை முதிரும் முன்னர்க் கலைந்து போகும். ஆகவே தை முதற் பங்குனி வரையில் உள்ள காலமே செலவுக்கு ஏற்றது. தையிற் சென்றால், வடநாட்டினின்று வந்த வாத்தினங்களையும் காணலாம். மாசி, பங்குனியிற் சென்றால், கூடுகளில் வளர்ந்த குஞ்சுகளைக் காணலாம். எதனைக் காண விரும்புகின்றோம் என்பதனைத் துணிந்த பின்னரே நாளைக் குறித்தல் வேண்டும். தேர்வு நெருங்கும் பங்குனியை விடத் தைப்பொங்கல் விடுமுறையே மாணவர்க்குப் பொருத்தமானது என்பது எம் கருத்து.

மழை பொய்த்த ஆண்டில் குளம் நிரம்பாது. குளம் நிரம்பாத ஆண்டில் பறவைகள் கூடு கட்டா. மிக்க மழையும் கேடே. 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிற் பெய்த பெருமழையால் குளங்கள் பல கரை உடைந்தமையை நாடறியும். ஆதலின் நாட்காட்டி ஒன்றையே நம்பிப் புறப்படாது, குளத்தில் நீர் எவ்வளவு நிற்கின்றது, பறவைகள் வந்தனவா என்பவற்றை அவ்வூராரிடமோ வனத்துறையினரிடமோ கேட்டறிந்து புறப்படுக.

இனிச் சிறுபொழுது. குளமும் வயலும் சூழ்ந்த நிலம் மருதம். மருதத்திற்கு வைகறையும் விடியலும் உரிய பொழுது என்று வகுத்த ஆசிரியரின் நுண்ணறிவை, ஒருநாள் குளக்கரையில் நின்றால் நன்கு உணரலாம். இரவு முழுதும் இரைதேடிய வக்காக்கள் அப்பொழுது கூடு திரும்பும். பகலில் இரைதேடும் நாரைகள் அப்பொழுது புறப்படும். ஒரு கூட்டம் வரவும் மறு கூட்டம் செல்லவும், வானம் ஒரு பெருவழி போல் விளங்கும். ஞாயிறு உயர்ந்த பின்னர் நீரின்மேற் கானல் ஆடுதலால் தொலைநோக்கியிலும் உருவம் தெளிவுபடாது. தைத் திங்களில் இப்பகுதியில் ஞாயிறு தோன்றுவது ஏறக்குறைய ஆறரை மணிக்கு. ஆதலின் திருநெல்வேலியினின்று ஐந்து மணியளவிற் புறப்பட்டு, ஆறேகாலுக்குள் குளக்கரையை அடைதல் வேண்டும். பத்து மணிக்குமேல் மர நிழலில் அமர்ந்து உண்டு, ஊராரோடு உரையாடி, நண்பகலுக்குள் திரும்பிவிடலாம். அந்நேரத்துக்குப் பேருந்து உண்டா என்பதனை முதல்நாளே கேட்டறிக. இல்லையாயின் பலர் கூடி ஒரு வேன் அமர்த்திக்கொண்டால் தலைக்கு ஆகும் தொகை சிறிதே.

கரு

மருதத்துக் கருப்பொருளாகிய புட்களுள் நாரை, குருகு, கம்புள், தாரா முதலியவற்றை அகப்பொருள் நூலார் எண்ணினர். ஏட்டில் மனனம் செய்த இப்பெயர்களுக்கு உடலும் இறகும் குரலும் உண்டு என்பதனைக் காணுதற்குக் கூந்தன்குளம் நல்லதோர் உரைநூல்.

இங்குப் பெருந்தொகையாகக் கூடு கட்டுவது சங்குவளை நாரை. மஞ்சள்மூக்கு நாரை என்றும் கூறுப. வெண்ணிற உடலும், கரும்பச்சை வரிகளையுடைய இறக்கையும், வாற்பக்கத்தில் மெல்லிய செந்நிறமும், நீண்டு நுனி வளைந்த மஞ்சள் அலகும் உடையது. இஃது இரையைக் கண்ணாற் கண்டு பிடிப்பதன்று. அலகைச் சிறிது திறந்து நீருள் அமிழ்த்தி, இருபுறமும் அசைத்து நடந்து, மீன் அலகிற் பட்டவுடன் மூடிக்கொள்ளும். ஆகவே ஆழமில்லாத நீர் இதற்கு இன்றியமையாதது. வளர்ந்த நாரைக்குக் குரல் இல்லையென்றே சொல்லலாம். அலகோடு அலகு தட்டி ஒலி எழுப்பும். அடைகாத்தற்கு ஏறக்குறைய ஒரு திங்களும், குஞ்சு பறக்கத் தேறுதற்கு மேலும் இரு திங்களும் ஆகும். எனவே ஒரு தலைமுறை நாரை உருவாவதற்கு மூன்று திங்கள் குளத்தில் நீரும் சூழலில் அமைதியும் இடையறாது நிற்றல் வேண்டும்.

கூழைக்கடா பேருருவமுடையது. அலகின் கீழே தொங்கும் பை அதற்கு மீன் அள்ளும் வலை. குஞ்சு தன் தலையைத் தாயின் வாய்க்குள் நுழைத்து இரை உண்ணுங் காட்சி, முதலிற் காண்போர்க்குத் தாயே குஞ்சை விழுங்குவதுபோல் தோன்றி வியப்பூட்டும். கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், நத்தைகுத்தி நாரை என்பனவற்றிற்கு அலகே பெயர் சூட்டியது. நத்தையின் ஓட்டை நீக்குதற்கு ஏற்ப நத்தைகுத்தியின் அலகில் இடைவெளி அமைந்துள்ளது. நீருள் மூழ்கி, கழுத்தை மட்டும் வெளியே நீட்டி வரும் பாம்புத்தாராவைக் காண்பவர், பழைய ‘தாரா’ என்னும் சொல் மக்கள் வழக்கில் இன்னும் அழியாது நிற்பதையும் கண்டவராவர்.

விருந்தாக வருவனவற்றுள் தலையாயது வரித்தலை வாத்து. நடு ஆசியாவின் உயர்நிலப் பகுதிகளிற் குஞ்சு பொரித்து, பனிக்காலத்தில் இமயமலையைக் கடந்து தெற்கே வருவது. ஊசிவால் வாத்தும் கிளுவையும் பிறவும் வடபுலத்தினின்றே வருவன. சில ஆண்டுகளில் பூநாரைகளும் காணப்பெறும். குமரித்துறையினின்று வடதிசை நோக்கிச் செல்லும் நாரையை விளித்து, தம் ஊர் வாவியில் தங்கித் தம் வறுமையைத் தம் மனைவிக்கு உரைக்குமாறு வேண்டினார் சத்திமுத்தப் புலவர். வலசைப் பறவைகளின் வழியையும் அவை இடையே குளங்களில் தங்கிச் செல்லும் இயல்பையும் அறிந்த ஒருவர்க்கன்றி அத்தகைய வேண்டுகோள் தோன்றாது. நாரை தங்குதற்கு ஊர்தோறும் வாவி இருந்த காலம் அது. இன்றோ, கூந்தன்குளத்தில் கூடு கட்டும் நாரைக்கும் இரை வேண்டின் சுற்றுவட்டத்துக் குளங்களையே நாடிச் செல்லல் வேண்டும். அவை தூர்ந்தும், சாக்கடை கலந்தும், வீட்டுமனையாகியும் போமாயின், காப்பிடம் ஒன்றை மட்டும் காத்துப் பயன் என்னை? அடுக்களையை இடித்துவிட்டுப் படுக்கையறையைப் போற்றுவதற்கு அஃது ஒப்பாகும்.

ஆயத்தம்

குழுவினர் பதினைவர்க்கு மேற்படாதிருத்தல் நன்று. அவரை ஐவர் ஐவராக மூன்று சிறு குழுக்களாக்கி, குழுவுக்கு ஒரு தலைவரையும் ஒரு குறிப்பெழுத்தாளரையும் அமைத்துக்கொள்க. ஒரு குழு ஊர்த் தெருவிலும், ஒரு குழு குளக்கரையிலும், ஒரு குழு வயற்பக்கத்திலும் நின்று, ஒரு மணிக்கு ஒருமுறை இடம் மாறலாம்.

உடை மண்ணிறமோ மங்கிய பச்சையோ ஆகுக. வெண்மையும் செம்மையும் தவிர்க்க. தொப்பி, நடத்தற்கேற்ற செருப்பு, குடிநீர், எளிய கட்டுச்சோறு, முதலுதவிப் பெட்டி என்பன வேண்டும். புளியோதரையும் தயிர்ச்சாதமும் வீட்டினின்றே எடுத்துச் செல்க. ஆயின் வாழைப்பழமும் தேநீரும் அவ்வூர்க் கடையிலேயே வாங்குக. நம் வருகையால் ஊரார்க்குச் சிறிதேனும் பயன் விளைதல் முறை. பிளாஸ்டிக் உறை ஒன்றும் அங்கே விடாது, கொண்டு சென்றதனைத்தையும் மீளக் கொணர்தற்கு ஒரு பை கொண்டு செல்க.

தொலைநோக்கி ஆளுக்கொன்று வேண்டுவதில்லை. குழுவுக்கு ஒன்று போதும். பொருளில்லார் கல்லூரி விலங்கியல் துறையில் கேட்டுப் பெறலாம். பறவையை இனங்காண்டற்குச் சலீம் அலி எழுதி 1941ஆம் ஆண்டில் முதற்பதிப்பாக வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய நூல் இன்றும் துணையாகும். செல்லுமுன் ஒருநாள் மாலை அனைவரும் கூடி, பத்துப் பறவைகளின் உருவத்தையேனும் படத்திற் கண்டு மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். பெயர் அறியாது காண்பவன் ‘கொக்கு’ என்று ஒரே சொல்லில் யாவற்றையும் அடக்கிவிடுகின்றான். பெயர் அறிந்து காண்பவனுக்கோ ஒரு மரத்தில் ஆறு குலங்கள் தோன்றும்.

உரி

மருதத்திற்கு உரிப்பொருள் ஊடல். தலைவி ஊடினால் வாயில்களை விடுத்து அவளைத் தெளிவிக்கலாம். பறவை ஊடினால் தூது செல்வார் எவருமிலர். அது கூட்டை விட்டு எழுந்து போய்விடும். ஆகவே பறவை ஊடா வண்ணம் ஒழுகுதலே இச்செலவின் உயிர்நிலை.

கூட்டில் இருக்கும் நாரை அஞ்சி எழுமாயின் நிகழ்வது யாது? முட்டையும் சிறு குஞ்சும் வெயிலுக்கு வெளிப்படும். தாயின் நிழலன்றி வேறு நிழல் அவற்றிற்கில்லை. காகமும் பருந்தும் அத்தருணத்தையே பார்த்திருக்கும். தாய் பதறி எழும் விசையில் முட்டை உருண்டு விழுதலும் உண்டு. ஒரு மாணவன் நகைத்தற்பொருட்டுத் தட்டிய ஒரு கைத்தட்டு, மூன்று திங்கள் உழைப்பை அழித்துவிடக்கூடும். அவ்வழிவை அம்மாணவன் காணவும் மாட்டான். அதற்குள் அவன் பேருந்து ஏறியிருப்பான்.

எனவே, எவ்வளவு அருகிற் செல்லலாம் என்பதனை நாம் முடிவு செய்தல் கூடாது. பறவையே முடிவு செய்யும். அது தலை நிமிர்ந்து நம்மை உற்றுநோக்குமாயின் நிற்க. இறகைச் சிலிர்த்தோ, எழுந்து நின்றோ, இடம் பெயர்ந்தோ அமைதி குலையுமாயின் பின்வாங்குக. உரத்துப் பேசுதல், பாட்டுப் பெட்டி, கைப்பேசியிற் பறவைக் குரலை ஒலிக்கச் செய்து அழைத்தல், ஒளிவீசிப் படமெடுத்தல், ஆளில்லாச் சிறு வானூர்தியைப் பறக்கவிடுதல் ஆகிய யாவும் விலக்கத்தக்கன. தரையில் வீழ்ந்த குஞ்சைக் கண்டால் நாமே எடுத்தல் ஒழிந்து, ஊராரிடமோ வனத்துறையினரிடமோ அறிவிக்க. வீடுகளின் எதிரே நின்று படமெடுக்குங்கால், அவ்வீட்டு மக்களையும் காட்சிப்பொருளாக்குதல் பண்பன்று.

கிறித்தவக் கல்லூரி மாணவராகிய நமக்கு இவ்வொழுக்கம் புதிதன்று. வழியில் ஒரு பறவைக்கூடு எதிர்ப்படின், குஞ்சுகளோடு தாயையும் சேர்த்துப் பிடித்தல் ஆகாது என்று உபாகமம் 22ஆம் அதிகாரம் விதிக்கின்றது. அரசர்க்கும் ஆலயத்திற்கும் நியமங்கள் வகுத்த அதே நூல், வழிப்போக்கன் ஒருவன் மரத்தடியில் நடந்துகொள்ள வேண்டிய முறையினையும் வகுத்தது நினைத்தற்குரியது. நம் ஆண்டவரும் மலைப்பிரசங்கத்தில் கவலையுற்ற மக்களை நோக்கி, பறவைகளைக் கவனிக்குமாறு பணித்தார். கவனித்தல் என்பது கண்டு கடந்து போதலன்று. நின்று நோக்கி, நோக்கியதனின்று ஒன்றைக் கற்றலேயாம்.

எண்ணலும் எழுதலும்

வெறுங்கண்ணாற் கண்டு மகிழ்ந்து திரும்புதலோடு நில்லாது, கண்டதை எண்ணி எழுதி வருதல் மாணவர்க்கு அழகு. ஏட்டின் தலைப்பில் நாள், நேரம், இடம், வானிலை, குளத்து நீரின் அளவு என்பவற்றைக் குறிக்க. பின்னர்ப் பறவையின் பெயர், தொகை, அது செய்துகொண்டிருந்த செயல் என மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதுக. பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணுதல் அரிது. முதலில் இருபது பறவைகளை எண்ணி, அவை அடைக்கும் இடத்தின் அளவைக் கண்ணிற்கொண்டு, அத்தகைய இடங்கள் எத்தனை என்று அளந்து பெருக்குக. இருவர் தனித்தனியே எண்ணிப் பின் ஒப்புநோக்கினால் பிழை குறையும். பெயர் ஐயமாயின் ஐயம் என்றே எழுதுக. அறியாததை அறிந்ததுபோல் எழுதுதல் அறிவியலுக்கும் சத்தியத்திற்கும் ஒருங்கே பகை.

அவ்வாறு எழுதிய ஏடு நம் பெட்டியில் உறங்க வேண்டுவதில்லை. தாமிரபரணிப் படுகையிலுள்ள குளங்களில் 2011ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகின்றது. மாணவரும் ஆசிரியரும் பிறருமாகிய தொண்டர்களே அதனை நடத்தித் தருகின்றனர். பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பிலும் யாவரும் சேரலாம். இக்கணக்குகளுக்குக் கட்டணமுமில்லை, பட்டமும் வேண்டா. எந்தக் குளத்தில் பறவை குறைந்தது, எதில் பெருகியது என்பதனை ஆண்டுதோறும் எழுதி வைத்தாலன்றி, ஒரு குளம் தூர்க்கப்படும்போது அதனால் நேரும் இழப்பு யாது என்று எவராலும் எடுத்துரைக்க இயலாது. நாம் எழுதும் ஒரு வரி நாளை ஒரு குளத்திற்குச் சான்று கூறக்கூடும்.

செலவழுங்கல்

தலைவன் பிரிந்து செல்லத் துணிந்த பின்னரும், தலைவியின் நிலை கண்டு செலவை நிறுத்தி வைத்தலைச் ‘செலவழுங்கல்’ என்பர். அது செல்லாமற் கைவிடுதல் அன்று. அவளைத் தேற்றுதற்பொருட்டுத் தாழ்த்தலே. நம் திட்டத்திலும் இத்துறைக்கு இடம் வேண்டும். குளத்தில் நீர் வற்றி, பறவைகள் எஞ்சிய ஓரிடத்தில் நெருங்கி நிற்குங் காலத்திலும், ஊரில் துக்கம் நிகழ்ந்த நாளிலும், வேறு பெருங்குழுவினர் முன்னரே வந்திருக்கும் நாளிலும் செலவைத் தாழ்த்துக. திட்டமிட்டோம், வண்டி பேசினோம், ஆதலின் சென்றே தீர்வோம் என்பது பிடிவாதம். அந்நாளில் நம் ஊரின் அருகேயுள்ள குளம் ஒன்றிற்குச் சென்று, அங்குள்ள நாமக்கோழியையும் மடையானையும் எண்ணி வரலாம். பெயர் பெற்ற காப்பிடத்திற்கு ஆண்டில் ஒருமுறையும், பெயரில்லாத நம் ஊர்க்குளத்திற்குத் திங்கள்தோறும் செல்பவனே இவ்வழியில் முதிர்ந்த மாணவன் ஆவான்.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், விலையில்லாப் பொதுநிலத்திற்குச் செல்லும் செலவுக்கு நிலமும் பொழுதும் அறிதல், அங்கு வாழ்வனவற்றை அறிதல், அவற்றிற்கேற்ப ஒழுகுதல், கண்டதை எழுதுதல், வேண்டுங்கால் தாழ்த்தல் என்னும் இவை இன்றியமையாதன என்பது பெறப்படும். இவற்றுள் ஒன்றிற்கேனும் பொருள் வேண்டுவதில்லை, சிந்தனையே வேண்டும். சிந்தனையும் செலவிடாது செல்வோமாயின், நாம் கொடாது விட்ட விலையைக் கூட்டிலுள்ள குஞ்சும், குளக்கரையிலுள்ள குடியானவனும் கொடுக்க நேரும்.

வருகின்ற தைத்திங்களில் நம் மாணவர் ஒரு குழுவேனும் இம்முறையிற் புறப்படுதல் வேண்டும் என்பது எம் விருப்பம். ஆசிரியப் பெருமக்கள் வழிகாட்டுவாராக. பழைய மாணவருட் பலர் தென்பாண்டி ஊர்களிற் பணியாற்றுகின்றனர். தத்தம் ஊர்க்குளத்தின் நிலையையும் அங்கு வரும் புட்களையும் எழுதி விடுப்பாராயின், இம்மலரின் அடுத்த இதழில் அவற்றைத் தொகுத்து வெளியிடலாம். நம் குழு திரும்பிய பின்னர், கூந்தன்குளத்து நாரைகள் நாம் வந்ததையே அறியாது தம் குஞ்சுகட்கு இரை ஊட்டிக்கொண்டிருக்குமாயின், நம் செலவு இனிது முடிந்ததென்று கொள்ளலாம். அங்ஙனம் சென்று வரும் அறிவையும் அடக்கத்தையும் எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக.